முகர்பவள்

செண்பக பாண்டியனுக்கு வந்த ஐயம் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். பெண்ணின் கூந்தலில் மணம் இயற்கையிலேயே இருக்கிறதா, பூவாலும் எண்ணெயாலும் வருகிறதா? ஆயிரம் பொன்னைக் கிழியாகக் கட்டித் தொங்கவிட்டான். சொக்கநாதர் பாட்டெழுதிக் கொடுத்தார், தருமி எடுத்துப் போனார், நக்கீரர் பொருளில் குற்றம் கண்டார். பதுமினிப் பெண்ணின் கூந்தல், தேவமகளிரின் கூந்தல், கடைசியில் உமையின் கூந்தல் என்று வழக்கு மேலே மேலே போய், நெற்றிக்கண் திறப்பதில் முடிந்தது. 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ படம் இந்தக் கதையை வீடுதோறும் கொண்டுசேர்த்தது.

அந்தப் பாட்டு குறுந்தொகையில் இரண்டாவது. இளங்கலை மாணவிகளுக்கு அதைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். நடத்தும்போதெல்லாம் இந்த வழக்கில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கச் சொல்வேன். அரசன், புலவர், இறைவன், அர்ச்சகர், பாட்டுக்குள் ஒரு தும்பி. கூந்தலுக்கு உரியவள் மட்டும் இல்லை. ஐயத்துக்குக் காரணமான பாண்டிமாதேவியை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சபையே கூடியிருக்காது. ஒருமுறை பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “அவளுக்கும் மூக்கு இருக்கும்ல மேடம்? ராஜா மேல என்ன வாசனை அடிச்சுதாம்?” வகுப்பு சிரித்தது. எனக்கு அது சிரித்துக் கடக்கக்கூடிய கேள்வியாகத் தோன்றவில்லை. மணத்தையும் இணைவிழைச்சையும் பற்றிய மனித எழுத்தில் பெண் பெரும்பாலும் முகரப்படுபவளாகவே இருந்திருக்கிறாள். அவள் முகர்பவளும்கூட என்பதை அறிவியல் ஒப்புக்கொள்ள 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஆகிவிட்டது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். அதில் பெரும்பகுதி எலிகளின் கதை.

பழைய கிரேக்க மருத்துவத்தில் பெண்ணின் மூக்குக்கு ஓர் இடம் இருந்தது, ஆனால் வேறு விதமாக. கருப்பை உடலுக்குள் இடம்விட்டு இடம் அலையும், மேலேறி மூச்சை அடைக்கும் என்று ஹிப்போக்ரட்டிஸ் மரபின் நூல்கள் நம்பின. அதைக் கீழே இறக்க வைத்தியம் வாசனைதான். மூக்கருகே நாற்றமடிக்கும் புகையைப் போடுவார்கள், கீழே நறுமணப் புகையைக் காட்டுவார்கள். நாற்றத்துக்கு வெருண்டு, நறுமணத்துக்கு மயங்கிக் கருப்பை தன் இடத்துக்கு வந்துவிடும் என்பது கணக்கு. கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் ‘ஹிஸ்டீரியா’ பிறந்தது. முகரும் விலங்கு ஒன்று அங்கே இருக்கிறது, ஆனால் அது பெண் இல்லை. அவளுக்குள் அடைபட்ட வேறொரு பிராணி.

பாலூட்டிகளில் பெண் விலங்கு இணைசேர ஆயத்தமாகும் நாட்களை நம் ஊரில் சினைப்பருவம் என்கிறோம். மாடு வளர்க்கும் பெண்களுக்கு அதைச் சொல்லித்தரத் தேவையில்லை. பசு ஓயாமல் கத்தும், தீனியில் நாட்டம் குறையும், கண்ணாடிபோல் வழும்பு ஒழுகும், 21 நாளுக்கொருமுறை சுற்றிவரும். ஆங்கில அறிவியலில் இதற்கு ‘ஈஸ்ட்ரஸ்’ என்று பெயர். 1900இல் வால்டர் ஹீப் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் இந்தச் சொல்லை அறிவியலுக்குள் கொண்டுவந்தார். கிரேக்கத்தில் ‘ஓய்ஸ்ட்ரோஸ்’ என்றால் மாட்டைக் கடிக்கும் உண்ணி ஈ. அது கடித்தால் மாடு வெறிகொண்டு ஓடும். அதன் பின்னால் ஒரு தொன்மமும் உண்டு. தேவர்களின் தலைவன் சியூஸ், ஐயோ என்ற இளம்பெண்ணின் மேல் ஆசைப்படுகிறான். அவள் பசுவாக மாற்றப்படுகிறாள். அவன் மனைவி ஹீரா ஏவிய ஈ அவளைத் தேசம் தேசமாகத் துரத்துகிறது. ஆசை அவனுடையது, ஓட்டம் இவளுடையது. அந்த ஈயின் பெயரைத்தான் பெண் விலங்கின் விருப்பத்துக்கு வைத்தார்கள்.

ஹீப் சாதாரணமானவர் அல்லர். ஒரு முயலின் கருவை இன்னொரு முயலின் கருப்பைக்கு மாற்றி வளர வைத்தவர், அதுவும் 1890இல். அதே மனிதர் 1913இல் ‘பால் பகைமை’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். லண்டன் தெருக்களில் பெண்கள் வாக்குரிமைக்காகச் சிறை சென்றுகொண்டிருந்த காலம் அது. பெண்ணின் உடலியல் அவளுக்கு வகுத்த வேலை தாய்மை, அதைவிட்டு விலகுகிறவர்கள் சமூகத்துக்குக் கேடு என்பது அவர் வாதத்தின் சாரம். முயலிலும் செம்மறியிலும் கற்றதை வாக்குச்சாவடி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். பெண் விலங்கைப் பற்றிச் சொல்லப்படும் எந்த வாக்கியமும் அத்தோடு நிற்காமல் மனுஷியின் வாசலுக்கு வந்துவிடும் என்பதை இந்த ஒரு வாழ்க்கையிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

1905இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் ‘ஹார்மோன்’ என்ற சொல்லைப் பொதுவெளிக்குத் தந்தார். கிளர்த்துவது, உந்துவது என்று பொருள். பாலியல் ஹார்மோன்களைத் தேடும் போட்டி அதன்பின் சூடுபிடித்தது. 1929இல் அமெரிக்காவில் எட்வர்ட் டாய்சியும் ஜெர்மனியில் அடால்ஃப் பியூட்டனன்ட்டும் தனித்தனியாக ஈஸ்ட்ரோனைப் பிரித்தெடுத்தார்கள். மூலப்பொருள் கர்ப்பிணிகளின் சிறுநீர். அந்தக் குடும்பத்துக்கு வைத்த பெயர் ஈஸ்ட்ரோஜன், அதாவது அந்த ஈவெறியைப் பிறப்பிப்பது. ஆணுடையதற்கு விரையின் பெயரால் டெஸ்டோஸ்டிரோன். ஆணுக்கு உறுப்பின் பெயர், பெண்ணுக்கு வெறியின் பெயர். 1934இல் பெர்னார்ட் சோன்டெக் ஒன்றைக் கண்டு திகைத்தார். ‘பெண் ஹார்மோன்’ மிகப் பெருமளவில் கிடைத்த இடங்களில் ஒன்று ஆண் குதிரையின் சிறுநீர். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்ற கணக்கு அன்றே உடைந்தது. இரண்டும் இருவர் உடலிலும் ஓடுகின்றன, அளவும் காலமும்தான் வேறு. வேதியியல் இதை ஏற்றுக்கொண்டு நகர்ந்துவிட்டது. பேச்சுவழக்கு இன்னும் நகரவில்லை.

இப்போது 1959க்கு வருவோம். அந்த ஆண்டில் மூன்று காரியங்கள் நடந்தன. ஈஸ்ட்ரோனைப் பிரித்த அதே பியூட்டனன்ட், சுமார் ஐந்து லட்சம் பட்டுப்பூச்சி அந்துகளைப் பயன்படுத்தி, பெண் அந்து ஆணை அழைக்கும் மணப்பொருளின் வேதியியலைக் கண்டுபிடித்தார். பீட்டர் கார்ல்சனும் மார்ட்டின் லூஷரும் இப்படி ஓர் உயிரின் உடலிலிருந்து வெளியேறி அதே இனத்தின் இன்னோர் உயிரை மாற்றும் பொருட்களுக்கு ‘ஃபெரோமோன்’ என்று பெயரிட்டார்கள். ஹார்மோன் உடலுக்குள் செல்லும் தூது என்றால், ஃபெரோமோன் உடல்களுக்கிடையே செல்லும் தூது. மூன்றாவது காரியத்தைச் செய்தவர் ஒரு பெண்.

ஹில்டா புரூஸ் 1903இல் பிறந்தவர். லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்த்தார். ஆய்வகப் பிராணிகளுக்கு என்ன தீனி போட வேண்டும், எப்படி வளர்த்தால் நன்றாகப் பெருகும் என்பவை அவர் நெடுநாள் கவனித்த விஷயங்கள். சுருக்கமாகச் சொன்னால், எலிகளின் சமையலறையும் பிரசவ அறையும். இந்த வேலைக்கு மதிப்பு குறைவு. ஆனால் கூண்டுகளை அன்றாடம் கவனிப்பவர்களுக்குத்தான் சில விஷயங்கள் கண்ணில் படும்.

புரூஸ் கவனித்தது இது. ஒரு சுண்டெலிப் பெண் ஓர் ஆணோடு சேர்ந்திருக்கிறது, கருவும் தரித்திருக்கிறது. அந்த ஆணை எடுத்துவிட்டு, அதற்கு அறிமுகமில்லாத வேறோர் ஆணை அருகில் வைத்தால், பல பெண் எலிகளில் கரு நிற்பதில்லை. சில நாட்களில் அது மறுபடி சினைப்பருவத்துக்கு வந்துவிடுகிறது, முதல் சேர்க்கை நடக்கவே இல்லை என்பதுபோல. புதிய ஆண் அதைத் தொட வேண்டியதுகூட இல்லை, வாசனை போதும். அடுத்த ஆண்டு டெல்ஃபின் பாரட் என்ற பெண் அறிவியலாளரோடு சேர்ந்து இதை உறுதிசெய்தார். மூளையில் மணத்தை உணரும் பகுதி நீக்கப்பட்ட எலிகளில் கரு நின்றது. ஆக, முடிவு மூக்கு வழியாகவே போகிறது. இன்று உலகம் இதை ‘புரூஸ் விளைவு’ என்கிறது.

எப்படி நடக்கிறது என்பது பின்னர் தெளிவானது. பல பாலூட்டிகளின் மூக்கினடியில் வோமரோநேசல் உறுப்பு என்று ஒன்று இருக்கிறது. பசுவின் மூத்திரத்தை முகர்ந்த காளை மேலுதட்டைச் சுருட்டித் தலையைத் தூக்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மணத்தை இந்த உறுப்புக்குள் இழுக்கும் செயல் அது. சுண்டெலிப் பெண் சேர்க்கையின்போது தன் இணையின் மணத்தை மூளையில் பதிந்துகொள்கிறது. பிறகு வரும் மணம் அந்தப் பதிவோடு ஒத்துப்போனால் ஒன்றும் ஆவதில்லை. ஒத்துப்போகாவிட்டால் சேதி ஹைப்போதலாமஸுக்குப் போகிறது. டோபமின் கூடுகிறது, புரோலாக்டின் குறைகிறது, கர்ப்பத்தைத் தாங்கும் புரொஜெஸ்டிரோன் சரிகிறது, கரு கருப்பையில் ஒட்டாமல் போகிறது. ஒட்டுவதற்கு முந்தைய சில நாட்களுக்குள் மட்டுமே இது நடக்கும். மணம், நினைவு, ஹார்மோன் என்று மூன்று கண்ணிகள் இந்தச் சங்கிலியில் இருக்கின்றன. நடுக்கண்ணி நினைவு. மணம் ஹார்மோனை நேராக உந்தவில்லை. இவள் யாரை அறிவாள் என்பது குறுக்கே வருகிறது.

புரூஸ் தன் கட்டுரையில் இதைக் கர்ப்பத்துக்கு வெளியிலிருந்து வரும் ‘தடை’ என்றே எழுதினார். அந்தக் காலத்தில் இத்தகைய பல விளைவுகள் அடுத்தடுத்து வந்தன. ஆண் எலியின் சிறுநீர் மணம் பெண்களைச் சேர்ந்தாற்போலச் சினைப்பருவத்துக்குக் கொண்டுவருகிறது என்று ஆஸ்திரேலியாவில் விட்டன் காட்டினார். வளர்ந்த ஆணின் மணத்தால் இளம்பெண் எலி சீக்கிரம் பூப்படைகிறது என்று அமெரிக்காவில் வேண்டன்பர்க் காட்டினார். வாக்கியங்களின் இலக்கணத்தைப் பாருங்கள். எழுவாய் ஆணின் மணம், செயப்படுபொருள் பெண்ணின் கருப்பை. பெண் ஒரு பூட்டு, ஆண் சாவி. தமிழ் படித்தவளுக்கு இலக்கணத்தின் மேல்தான் முதலில் கண் போகும். ‘அயல் ஆண் கருவைக் கலைக்கிறான்’ என்றும் எழுதலாம், ‘அயல் ஆணை அறிந்த பெண் கருவைக் கைவிடுகிறாள்’ என்றும் எழுதலாம். இரண்டு வாக்கியங்களுக்கும் ஒரே சோதனைதான் ஆதாரம்.

இரண்டாவது வாக்கியத்தை எழுத வழி திறந்தவர்களில் ஒருவர் சாரா ஹிர்டி. 1970களில் ராஜஸ்தானின் அபு மலையில் அனுமன் லங்கூர்களைக் கவனித்தார். புதிய ஆண் ஒரு கூட்டத்தைக் கைப்பற்றினால் முந்தையவனின் குட்டிகளைக் கொல்வது ஏன் என்ற கேள்வியை 1977இல் வந்த நூலில் விவாதித்தார். குட்டியை இழந்த தாய் மறுபடி சினைப்பருவத்துக்கு வருவாள், அதில் ஆணுக்கு ஆதாயம். பெண்கள் இதைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவதில்லை என்பதுதான் ஹிர்டி சேர்த்த பகுதி. அவர்கள் பல ஆண்களோடு கூடுகிறார்கள். யாருடைய குட்டி என்று எந்த ஆணுக்கும் உறுதியாகத் தெரியாதபோது குட்டி பிழைக்கிறது. இந்த வெளிச்சத்தில் புரூஸின் எலியையும் வேறு விதமாகப் பார்க்கலாம். கொல்லப்படப்போகும் குட்டிகளுக்காக உடலைச் செலவழிக்காமல் முன்கூட்டியே நிறுத்திக்கொள்கிறது. 2012இல் எத்தியோப்பியாவின் சிமியன் மலையில் வாழும் கெலடா குரங்குகளில் இதற்கு ஒப்பான ஒன்று பதிவானது. தலைமை ஆண் மாறிய சில வாரங்களில் கருவுற்ற பெண்களில் சுமார் 80 விழுக்காட்டினரின் கர்ப்பம் நின்றுபோயிற்று. கூண்டுக்கு வெளியிலும் இப்படி நடக்கிறது என்பதற்கு வலுவான சான்று அது.

கூண்டு என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். பெருச்சாளிகளைவிடச் சிறிய ஆய்வக எலிகளில் பெண்ணின் பாலியல் நடத்தையை அளக்க நெடுங்காலம் ஓர் அளவுகோல்தான் இருந்தது. ஆண் மேலேறும்போது முதுகை வளைத்துக் கொடுக்கிறதா, எத்தனை முறை கொடுக்கிறது? ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டிரோனும் ஊசியில் ஏற்றினால் வளைகிறது, ஏற்றாவிட்டால் வளைவதில்லை. இதற்கு ‘ஏற்கும் தன்மை’ என்று பெயர். பெண் ஏற்பவள். ஆனால் சோதனை நடந்தது சிறு பெட்டியில். ஓடவும் இடமில்லை, தேடவும் இடமில்லை. அந்த இடத்தில் அவளால் செய்ய முடிந்தது ஏற்பதும் மறுப்பதும்தான்.

இடத்தைப் பெரிதாக்கியபோது நடத்தையே மாறியது. பெண் நுழையக்கூடிய, உடல் பெருத்த ஆண் நுழைய முடியாத சிறு துளை வைத்த தடுப்பைக் கூண்டின் நடுவில் நிறுத்தினார்கள். மேரி எர்ஸ்கின் போன்றவர்கள் இந்த ஏற்பாட்டில் நடந்ததை விரிவாக ஆராய்ந்தார்கள். பெண் தானாக ஆணிருக்கும் பக்கம் போகிறாள், துள்ளி ஓடிக் காட்டுகிறாள், காதைச் சிலிர்க்கிறாள், கூடுகிறாள், தன் பக்கம் திரும்புகிறாள், தனக்குத் தோன்றியபோது மறுபடி போகிறாள். வேகத்தை அவள் வகுக்கிறாள். அப்படி வகுக்க முடிந்தபோது குறைந்த கூடல்களிலேயே கர்ப்பத்துக்கான ஹார்மோன் மாற்றம் நிகழ்கிறது. 1976இல் ஃபிராங்க் பீச் பெண் பாலூட்டியின் நடத்தையை மூன்றாகப் பிரித்து, ஈர்ப்பது, ஏற்பது என்பவற்றோடு ‘தானே நாடுவது’ என்ற ஒன்றுக்கும் தனிப்பெயர் கொடுத்தார். எலிகள் இதை எப்போதும் செய்துகொண்டுதான் இருந்தன. அதற்குப் பெயரும் இடமும் இல்லாமல் இருந்தது.

யானையைச் சொல்லாமல் ஒரு தமிழாசிரியையால் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. களிற்றின் கன்னத்தில் வழியும் கடாத்தையும் அதை மொய்க்கும் வண்டையும் சங்கப் புலவர்கள் பாடி ஓயவில்லை. மதநீர் ஒழுகும் நாட்களில் டெஸ்டோஸ்டிரோன் பல மடங்கு கூடுகிறது. இளம் களிற்றின் கடாம் தேனைப்போல மணக்கிறது, முதிர்ந்ததன் கடாம் நாறுகிறது என்று 2002இல் பெட்ஸ் ராஸ்முசென் குழுவினர் வேதியியலாகக் காட்டினார்கள். வண்டு மொய்த்ததில் புலவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த ராஸ்முசென் என்ற பெண்ணே 1996இல் இன்னொன்றையும் கண்டிருந்தார். பிடியும் பேசுகிறது. கருத்தரிக்கும் நாள் நெருங்கும்போது அதன் சிறுநீரில் ஒரு மணப்பொருள் கூடுகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்கள் ஆணை அழைக்கப் பயன்படுத்துவதும் அதே பொருள்தான். பிடிக்குச் சுமார் 16 வாரத்துக்கு ஒருமுறைதான் அந்த நாட்கள் வரும். தேதியை அவள்தான் அறிவிக்கிறாள். ஆண் யானையின் மதம் நம் மொழியில் வேந்தனின் வீரத்துக்கு உவமையானது. பெண்ணிடம் அந்த மணம் இருப்பதாகச் சொன்ன கொக்கோக மரபு அவளை அத்தினி என்று கடைசி வகையில் தள்ளியது. ஒரே மணம், உடலுக்கு ஏற்றபடி இரண்டு நீதி.

இப்படியெல்லாம் படித்துவரும்போது எலியையும் யானையையும் நம் தோழிகளாக்கிக்கொள்ளும் ஆசை வரும். அந்த ஆசையில் ஆபத்து இருக்கிறது. 2012 ஆகஸ்டில், கெலடா ஆய்வு வந்த அதே ஆண்டில், அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் செனட் தேர்தலில் நின்ற டாட் ஏகின், உண்மையான பாலியல் வன்முறை என்றால் கர்ப்பத்தைத் தடுத்துக்கொள்ளப் பெண்ணின் உடலுக்கே வழி தெரியும் என்ற பொருளில் பேசினார். கருக்கலைப்புச் சட்டத்தில் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு விலக்கு ஏன் வேண்டும் என்பதற்குப் பதிலாக வந்த பேச்சு அது. கரு தரித்தால் அவள் சம்மதித்திருக்கிறாள் என்று இடைக்கால ஐரோப்பியச் சட்ட நூல்கள் எழுதிவைத்த பழைய கொடுமையின் மறுபிறப்பு. மனுஷிக்கு அப்படி ஒரு தற்காப்பு உடலில் இல்லை. அந்தத் தேர்தலில் அவர் ஒரு பெண்ணிடம் தோற்றார், ஆனால் அந்த நம்பிக்கை தோற்றுவிட்டதாக நான் நினைக்கவில்லை.

மனிதர்களில் மணத்தின் கதை எலியினுடையதைப்போல நேர்க்கோட்டில் போவதும் இல்லை. வோமரோநேசல் உறுப்பு இயங்கத் தேவையான முக்கிய மரபணு நம்மிடம் செயலிழந்து கிடக்கிறது. மனித ஃபெரோமோன் என்று ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்ட ஒரு பொருள்கூட இன்றுவரை இல்லை, அந்தப் பெயரில் விற்கும் வாசனைத் தைலக் குப்பிகள் எத்தனை இருந்தாலும். 1971இல் மார்த்தா மெக்ளின்டாக், வெல்லஸ்லி மகளிர் கல்லூரி விடுதியில் 135 பெண்களிடம் தகவல் திரட்டி, சேர்ந்து வாழும் தோழிகளின் மாதவிடாய் நாட்கள் நெருங்கிவருகின்றன என்று எழுதினார். விடுதியில் இருந்த எல்லோருக்கும் பிடித்துப்போன முடிவு அது. 2006இல் சீனாவில் விடுதியில் வாழ்ந்த 186 பெண்களை ஓராண்டுக்கு மேல் கவனித்த ஆய்வில் அப்படி ஒத்திசைவு தெரியவில்லை. சுற்றின் நீளம் ஆளுக்கு ஆள் மாறும்போது நாட்கள் நெருங்குவதும் விலகுவதும் கணக்கின்படியே நடக்கும். பெண்ணொற்றுமைக்கு உடலிலிருந்து சான்று கிடைத்தால் மகிழ்ச்சிதான். கிடைக்காவிட்டாலும் ஒற்றுமையை நாம் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இதையெல்லாம் ஒரு தமிழ் வகுப்பில் ஏன் சொல்ல வேண்டும்? ஏனென்றால் என் மாணவிகள் ‘ஹார்மோன்’ என்ற சொல்லை மருத்துவரிடமிருந்து கேட்பதைவிட வீட்டில்தான் அதிகம் கேட்கிறார்கள். கோபப்பட்டால் ஹார்மோன், அழுதால் ஹார்மோன், ஒருவனைப் பிடித்திருக்கிறது என்றால் வயதுக்கோளாறு, ஹார்மோன். பேருந்தில் இடிப்பவனுக்கும் அதே சொல் உதவுகிறது: ஆம்பளை உடம்பு அப்படித்தான். அவளுடைய காரணத்தை இல்லாமல் ஆக்கவும், அவனுடைய குற்றத்தை இல்லாமல் ஆக்கவும் ஒரே வார்த்தை. ஒரு சுண்டெலியில்கூட மணத்துக்கும் ஹார்மோனுக்கும் நடுவே நினைவு வந்து நிற்கிறது. ஆய்வக எலியில்கூட ஹார்மோன் ஊசி ஒன்றாகவே இருக்க, இடம் மாறியதும் நடத்தை மாறுகிறது. அவ்வளவு சிறிய உடலில் பொருந்தாத சமன்பாட்டை நம் மேல் எழுதுகிறார்கள்.

எனவே மாணவிகளிடம் ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பெண்ணின் இயல்பு இது என்று யாராவது சொன்னால், பேராசிரியர் சொன்னாலும் பெரியப்பா சொன்னாலும், மரியாதையாகவே கேளுங்கள்: எந்தக் கூண்டில் வைத்து அளந்தீர்கள், அது எவ்வளவு பெரிது, அவள் போய்வர அதில் துளை இருந்ததா?